பல் செக்கப் பேக்கேஜ்: க்ளீனிங்குக்கு ஃபுல் மார்க், செக்கப்புக்கு?

‘செக்கப், க்ளீனிங் இரண்டும் சேர்த்து’ என்று தனியார் பல் கிளினிக்குகள் தரும் பேக்கேஜில், க்ளீனிங் பெரும்பாலும் குறையில்லாமல் நடந்துவிடுகிறது. செக்கப்தான் பல இடங்களில் ஒரு நிமிடத்தில் முடிந்துபோகிறது. கொடுக்கிற காசுக்கு உண்மையான பலன் அந்தச் செக்கப்பில்தான் இருக்கிறது.

கண்ணாடியும் லைட்டும் வைத்துப் பார்த்தால் குழி விழுந்த சொத்தை தெரியும், ஈறு நோய் தெரியாது. அதை அளக்க ‘ப்ரோப்’ என்ற மெல்லிய கம்பி வேண்டும். நுனியில் 0.5 மி.மீ. குண்டு, 3.5 முதல் 5.5 மி.மீ. வரை கறுப்புப் பட்டை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்குவார்கள். பட்டை முழுதாக வெளியே தெரிந்தால் ஆழத்தில் பிரச்சினை இல்லை. பாதி மறைந்தால் 4, 5 மி.மீ. பள்ளம், மொத்தமாக மறைந்தால் 6 மி.மீ. அல்லது அதற்கும் மேல், எலும்பு கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் பள்ளம் பெரும்பாலும் வலிக்காது. பல் ஆட ஆரம்பித்த பிறகு ஓடி வருகிறவர்கள் அதனால்தான் இத்தனை பேர். டாக்டர் எண்களைச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். எழுதாவிட்டால் அடுத்த முறை எதோடு ஒப்பிடுவார்கள்?

இரண்டு கடைவாய்ப்பற்கள் ஒட்டி நிற்கும் இடத்துச் சொத்தைக்கு ‘பைட்விங்’ எக்ஸ்ரேதான் (பற்களைக் கடித்தபடி எடுப்பது) சரி. எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் அது தேவைப்படாது.

அதிகம் விட்டுப்போவது வாயின் மென்தோல் பரிசோதனை. நாக்கு நுனியைக் காஸ் துணியால் பிடித்து இரண்டு ஓரங்களையும் பார்க்க வேண்டும்; பிறகு நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம். இரண்டு நிமிட வேலை. பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு இதை விட்டுவிட்டால் அந்தச் செக்கப்பே வீண். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரலை நெட்டுவாக்கில் நுழைக்க முடியாதபடி வாய் திறப்பு குறைவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி க்ளீனிங். க்ளீனிங் கருவியான ஸ்கேலரின் நுனி நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து, பல்லில் கெட்டியாகப் படிந்த பற்காரையை உடைக்கிறது, கூடவே தண்ணீர் பீய்ச்சி சூட்டைத் தணிக்கிறது. நுனியின் பக்கவாட்டைப் பல்லில் படியவைத்து, தண்ணீர் தடைபடாமல் வந்தால் எனாமல் தேயாது. பிறகு பல்லிடுக்கில் சந்து தெரிவது, இதுவரை அங்கே காரை அடைத்திருந்ததால்தான். மூடியிருந்த வேர் வெளியே வருவதால் சில நாள் கூச்சமும் இருக்கும். 5% பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்டை இரண்டு முதல் நான்கு வாரம் பயன்படுத்தினால் அடங்கும்.

எழுந்திருக்கும் முன் கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். எச்சில் குழாய் அங்கே திறப்பதால் காரை சீக்கிரம் கட்டும் இடம் அது. மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப் பக்கமும் அப்படித்தான். சொரசொரப்பு இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

கருவிகளைச் சீல் வைத்த பையிலிருந்து உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும். கிருமிநீக்கச் சூட்டில் வைத்ததைக் காட்டும், பைமேல் உள்ள அடையாளக் கோடு நிறம் மாறியிருக்க வேண்டும். ஸ்கேலர் நுனியும் இதில் சேர்த்தி.

‘ஆறு மாதத்துக்கு ஒரு முறை’ என்பது பழகிப்போன கணக்கு. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2004-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு அவரவர் ஆபத்தைப் பொறுத்து 3 முதல் 24 மாதம் வரை இடைவெளி சொல்கிறது; 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், பற்களுக்குக் கம்பி இருப்பவர்கள் சீக்கிரம் வர வேண்டியிருக்கும். உங்களுக்கு எத்தனை மாதம், ஏன் என்று காரணம் சொல்லும் டாக்டரை விட்டுவிடாதீர்கள்.

நேரம் இருந்தால் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் நல்ல தேர்வு. மாணவர்கள் ஒவ்வொரு பல்லாக அளந்து எழுத, ஆசிரியர் சரிபார்க்கிறார். செலவு குறைவு, ஆனால் அரை நாள் போய்விடும்.

எங்கே போனாலும், சாப்பிடும் மருந்துச் சீட்டைக் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக அதை நிறுத்த வேண்டாம். இதயத்தில் செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு க்ளீனிங்குக்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். அவர்கள் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.