ஏரிப் பாத்தியா, மலைப் படிவயலா? ஆஸ்டெக்கும் இன்காவும்

ஐரோப்பியர் வருமுன் அமெரிக்கக் கண்டங்களில் எழுந்த ஆஸ்டெக், இன்கா என்ற இவ்விரு பேரரசுகளும் மக்களுக்குச் சோறு போட்ட விதமே வேறு. 1325 வாக்கில் இன்றைய மெக்சிகோவில் ஓர் ஏரித் தீவில் உருவான தலைநகர் டெனோச்டிட்லானைச் சுற்றி, ஆஸ்டெக்குகள் ஆழமில்லாத நீரில் சேற்றை வாரிக் கொட்டி, கரை சரியாமலிருக்க வில்லோ மரம் நட்டு, சினாம்பா என்ற மேட்டுப் பாத்திகள் அமைத்தார்கள். கால்வாய்ச் சேறே உரம். வருடத்துக்குப் பல போகம். விளைந்தது படகிலேயே சந்தைக்குப் போனது.

இன்காக்களின் தலைநகரைச் சுற்றி ஏது அப்படி ஏரி? தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவில் கல்லடுக்கிப் படிவயல் கட்டினார்கள். விளைச்சலில் சினாம்பாதான் மேல். ஆனால் சேமிப்பில் இன்காவை அடிக்க ஆளில்லை. உருளைக்கிழங்கை இரவு உறைபனியில் பரப்பி, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்தால் சுன்யோ, வருடக்கணக்கில் கெடாது. கிடங்கு இருப்புக் கணக்கோ கயிற்று முடிச்சுகளில். பஞ்ச காலமென்றால் என் ஓட்டு இன்காவுக்கே.