உரசல், பெண்டு, விரிசல்: அடிபட்ட அலாய் வீலை என்ன செய்யலாம்?

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மதுரை மாட்டுத்தாவணி தாண்டி ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் காரைத் திருப்பினேன். மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்ததால் பள்ளம் தெரியவில்லை. இடது பக்கச் சக்கரம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஏறின. 'டங்' என்று ஒரு சத்தம், அப்புறம் இன்னொன்று. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிம்மின் வெளிமுகத்திலும் புதிதாக ஒரு சிராய்ப்பு இல்லை. தப்பித்தோம் என்று வீடு வந்து சேர்ந்தேன்.

காலையில் பார்த்தால், 33 இருக்க வேண்டிய முன் டயரில் காற்று 24. திருமங்கலம் போகிற வழியில் வேகம் 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் உதறியது.

டயர் கடைக்காரர் வீலைக் கழற்றி பேலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றிவிட்டார். முன்னால் நின்று பார்த்தால் ஒழுங்காகத்தான் சுற்றுகிறது. "பின்னாடி வந்து பாருங்கண்ணே" என்றார். உள்விளிம்பு ஓரிடத்தில் மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போனது. ஒரு சாக்பீஸை விளிம்புக்குக் கிட்டே அசையாமல் பிடித்தார். சுற்றுக்கு ஒரு தடவை, புடைத்த இடத்தில் மட்டும் வெள்ளைக்கோடு விழுந்தது.

அலாய் வீலில் ஆரங்கள் வெளிமுகத்தோடு ஒட்டி இருக்கின்றன. உள்விளிம்புக்கு முட்டுக் கொடுக்க எதுவும் கிடையாது. பள்ளத்தில் விழுந்தால் முதலில் வளைவது அதுதான், நம் கண்ணுக்குத் தெரியாத பக்கம். நமக்கோ கவலையெல்லாம் தெரிகிற பக்கத்தைப் பற்றி. அடுத்த ஒரு வாரம் புதூரிலும் காளவாசலிலும் நாலைந்து கடை ஏறி இறங்கியபோது எனக்குப் புரிந்த விஷயம் இது: பெயிண்டா, வளைவை நிமிர்த்திப் பெண்டு எடுப்பதா, புதுசா என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால், அடி எங்கே விழுந்திருக்கிறது என்று ரிம்மிடம் கேட்க வேண்டும்.

உரசலை முதலில் முடித்துவிடலாம், அதில் பேச அதிகமில்லை. டவுன்ஹால் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டும்போது கல்லில் தேய்த்த காயம் வெறும் அழகுப் பிரச்சினை. சிராய்ப்பைத் தேய்த்து, பட்டி வைத்து, ஸ்பிரே அடித்துத் தர வீலுக்கு 800 ரூபாய் கேட்டார்கள். பவுடர் கோட்டிங் என்றால் 2,000. மொத்தப் பெயிண்டையும் உரித்து, பவுடரை ஒட்ட வைத்து, 180 முதல் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வைத்து எடுப்பார்கள். ஸ்பிரேயைவிட நிச்சயம் நாள்படும். ஆனால் வண்டியில் வீல் மாட்டும் ஹப்பில் போய் உட்காரும் முகத்திலும் நட்டு உட்காரும் குழியிலும் பவுடர் படக்கூடாது, அந்த இடங்களை மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். படிந்துவிட்டால் ஓட ஓட அந்தப் படலம் நசுங்கி நட்டு லூஸாகும். மறைப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

டயமண்ட் கட் வீல் வேறு ரகம். பளபளக்கும் அந்த முகம் லேத்தில் சீவி எடுத்தது. மறுபடி சீவினால்தான் அதே பளபளப்பு வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் போகும். ஒன்றிரண்டு தடவைக்கு மேல் தாங்காது. மேலே பூசிய லேக்கர் ஓரிடத்தில் விட்டாலும் ஈரம் உள்ளே இறங்கி, வெள்ளைப் புழு நெளிந்த மாதிரி அரிப்பு ஓடும். வீலுக்கு 3,500 கொடுத்து இதைச் செய்துகொண்டு, அடுத்த மாதம் அதே கல்லில் தேய்ப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. என் வலது பக்க வீல்கள் இரண்டும் இன்றும் சிராய்ப்போடுதான் ஓடுகின்றன.

பெண்டு அப்படியில்லை. பழைய இரும்பு வீல், அதாவது டிஸ்க், வளைந்தால் பஞ்சர் கடையிலேயே சம்மட்டியால் ரெண்டு போடு போட்டு நிமிர்த்திவிடுவார்கள். இரும்பு வளையும், மறுபடி நிமிரும். கார் அலாய் பெரும்பாலும் ஏ356 என்ற வார்ப்புக் கலவை: அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கான், துளி மெக்னீசியம். வார்த்த பிறகு 540 டிகிரி வாக்கில் பல மணி நேரம் வைத்து, தண்ணீரில் முக்கி, பிறகு 150, 160 டிகிரியில் இன்னும் சில மணி நேரம் வேக வைப்பார்கள். இதற்கு டி6 என்று பெயர். ரிம்முக்கு இருக்கிற பலத்தில் பெரும்பங்கு இந்தச் சமையலில் வந்ததுதான். தெருவோரம் கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டினால், சமைத்ததைத் திரும்ப அடுப்பில் ஏற்றிக் குழைய விடுகிற கதை.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இரும்பு சூடேறினால் சிவந்து நம்மை எச்சரிக்கும். அலுமினியம் நிறமே மாறாது. வெள்ளி மாதிரியே இருந்துகொண்டு 550 டிகிரியைத் தாண்டியதும் உருகத் தொடங்கிவிடும். நான் போன ஒரு பட்டறையில் இதற்கு வைத்தியம் வைத்திருந்தார்கள். ரிம்மில் துணி சோப்பைத் தேய்த்துச் சூடு காட்டுவது, சோப்பு கறுத்ததும் நிறுத்துவது. பார்க்கக் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் அது அலுமினியத் தகட்டை வளைப்பதற்காக வேண்டுமென்றே இளக்குபவர்களின் வித்தை. சோப்பு கறுக்கும் சூட்டில் டி6 பலம் எப்போதோ போயிருக்கும். ரிம்மைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நல்ல கடையில் ரிம்மை மெஷினில் இறுக்கி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்து, ஹைட்ராலிக் ஜாக்கியால் மெல்ல மெல்லத் தள்ளுவார்கள். சூடு காட்டினாலும் லேசாக, அளந்து காட்டுவார்கள். வீலுக்கு 1,200 ரூபாய் சொன்னார்கள். என் பின்சக்கரம் முதலில் இரண்டரை மில்லிமீட்டர் ஆடியது, முக்கால் மணி நேரத்தில் அரை மில்லிமீட்டருக்கு வந்தது. உள்விளிம்பில், ஒரே இடத்தில், சின்ன வளைவு, முதல் தடவை: இந்த நாலும் சரியாக இருந்தால் பெண்டு எடுப்பதுதான் லாபம். அதே ரிம் இரண்டாவது முறை அதே இடத்தில் வளைந்து வந்தால் நான் எடுக்க மாட்டேன். ஆரமே வளைந்திருந்தால் முதல் முறையே எடுக்க மாட்டேன்.

முன்சக்கரத்தையும் அங்கேயே கொடுத்திருப்பேன். ஆனால் பக்கத்து லேத் பட்டறையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இருங்க தம்பி, அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி பாத்துருவோம்" என்றார். மண்ணெண்ணெய் இல்லை, டீசல்தான் இருந்தது. வளைந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு டீசலைத் தடவிக் கால் மணி நேரம் விட்டார். பிறகு துணியால் சொட்டுக்கூட இல்லாமல் துடைத்தார். சாக்பீஸைப் பொடித்து மேலே தூவி, சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். வெள்ளைப் பொடியில் தலைமுடி கனத்துக்கு ஈரக்கோடு ஒன்று தானாக எழுந்தது. ஒன்றரை அங்குல நீளம் இருக்கும். விரிசலுக்குள் போன டீசல் துணிக்கு வராது, சாக்பொடி உறிஞ்சினால் வெளியே வந்துவிடும். காற்று இறங்கியது பெண்டால் மட்டும் அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஆர்கான் வெல்டிங் போட்டா நிக்காதாய்யா?" என்று கேட்டேன்.

"நிக்கும். எத்தனை நாளைக்குன்னு என்னையக் கேக்காதீங்க."

வெல்டிங் சூடு பட்ட சுற்றுவட்டாரம் முழுக்க இளகிப்போகும். பழைய பலம் திரும்ப வேண்டுமென்றால் மொத்த ரிம்மையும் மறுபடி 540 டிகிரிக்கு ஏற்றி அந்தச் சமையலை முதலில் இருந்து செய்ய வேண்டும். அதற்கான அடுப்பு எந்த வெல்டிங் பட்டறையில் இருக்கிறது? காற்று இறங்காமல் நிற்பது ஒன்று, அடுத்த பள்ளத்தைத் தாங்குவது வேறொன்று. உள்விளிம்பில் சின்ன விரிசல் என்றால் வெல்டிங் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடி நாலுவழிச் சாலையில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு நூறில் போகிற வண்டியில் நான் அதைச் செய்ய மாட்டேன். ஆரத்திலோ நட்டு ஓட்டையைச் சுற்றியோ விரிசல் என்றால் பேச்சே கிடையாது, எடைக்குத்தான் போட வேண்டும்.

சரி, புதுசு வாங்குவது என்று முடிவானால் மூன்று வழி. கம்பெனி ஒரிஜினல் ஒற்றை வீல் 9,000 ரூபாய் சொன்னார்கள். வெளி மார்க்கெட்டில் நாலு வீல் செட் 26,000. சென்னை புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் 4,000-க்குக் கிடைக்கும் என்று நண்பர் சொன்னார்.

புதுப்பேட்டை சரக்கு ஒரிஜினல் என்பது உண்மையாகவே இருக்கலாம். அது ஏன் அங்கே வந்தது என்பதுதான் என் கேள்வி. நான் வேண்டாம் என்று விட்டுவந்த மாதிரி ஒரு ரிம், வெல்டிங் போட்டு, பெயிண்ட் அடித்து அங்கே தொங்கலாம். வாங்குவதானால் சாக்பீஸும் கொஞ்சம் டீசலும் கொண்டுபோங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வெளி மார்க்கெட் செட்டில் டிசைனைப் பார்க்கும் முன்னால் பின்பக்க எழுத்தைப் பார்க்க வேண்டும். 4x100 என்றால் நாலு நட்டு, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். கிரெட்டா, இன்னோவா மாதிரி வண்டிகளுக்கு 5x114.3. இது பெரிதாகத் தவறினால் மாட்டவே மாட்டாது, ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் தவறினால் வலிந்து மாட்டிவிட முடியும், அதுதான் ஆபத்து. அதைவிட அதிகம் ஏமாற்றுவது மற்ற இரண்டும். இ.டி. என்று போட்டிருக்கும் ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம், மாறினால் வீல் வெளியே துருத்தும் அல்லது உள்ளே உரசும், பேரிங்குக்கும் வேலை வைக்கும். நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போட வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை தடவை பேலன்ஸ் செய்தாலும் உதறல் நிற்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை அழகுக்காக வாங்காதீர்கள். ஒரு வீல் போனதற்கு நாலும் மாற்றச் சொல்வதை நான் வியாபாரமாகத்தான் பார்க்கிறேன்.

"இன்சூரன்ஸ்ல போட்டுரலாம் சார், உங்க கைக்காசு போகாது" என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வண்டிக்கு மூன்றரை வயசு. உலோகப் பாகத்துக்குத் தேய்மானம் 25 சதவீதம் கழிப்பார்கள்: 9,000-ல் 2,250 போக 6,750. 1,500 சிசி வரை உள்ள வண்டிக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு வருவது 5,750. பதிலுக்கு, கிளைம் போடாத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் சுழியாகிவிடும். அடுத்த வருஷம் எனக்கு 45 சதவீதம் கிடைக்க வேண்டும், அதற்கடுத்த வருஷம் 50. கிளைம் போட்டால் முதலில் ஒன்றுமில்லை, பிறகு 20. சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 என்று வைத்துக்கொண்டாலும் முதல் வருஷம் 3,600, அடுத்த வருஷம் 2,400, ஆக 6,000 கூடுதலாகக் கட்டுவேன். 5,750 வாங்க 6,000! பம்பர், சஸ்பென்ஷன் ஆர்ம் என்று பெரிதாகப் போயிருந்தால் கதை வேறு. போனஸைக் காப்பாற்றும் கூடுதல் பாலிசி எடுத்திருந்தாலும் வேறு. ஒற்றை ரிம்முக்கு என்றால் பெரும்பாலும் கைக்காசே மலிவு.

கடையில் யாரும் சொல்லாத ஒரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. என் வண்டியில் இருப்பது 16 இன்ச் அலாய், டயர் 195/55. டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி 15 இன்ச் இரும்பு, டயர் 185/65. இதே மாடலின் விலை குறைந்த வண்டி கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த 15 இன்ச்சோடுதான் வருகிறது. கணக்குப் பாருங்கள். இரண்டின் மொத்த உயரமும் சுமார் 621 மில்லிமீட்டர், அதனால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் 16-ல் 107 மில்லிமீட்டர், 15-ல் 120. அந்த 13 மில்லிமீட்டர்தான் பள்ளத்தில் ரிம் தப்பிப்பதும் தப்பிக்காததும். இரும்பு டிஸ்க் ஒன்று 2,200 ரூபாய். வளைந்தால் நிமிர்த்தலாம், திடீரென்று விரிசல் விடுவது அபூர்வம். அலாய் என்றாலே லேசு என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். வார்ப்பு அலாயில் ஒரு சைஸ் கூட்டினால் அந்த லாபம் கரைந்துபோகும்.

இரும்பு டிஸ்க்குக்குப் பெயர்போன வீல்ஸ் இந்தியா, டிவிஎஸ் குடும்பத்துக் கம்பெனி. அந்த டிவிஎஸ் 1911-ல் நம் மதுரையில் தொடங்கியது. அந்தக் காலத்தில் அவர்கள் பஸ் போகிற ரோட்டில் லாட ஆணி பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டி ஓடியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்குப் பள்ளம் பொறுக்க ஒரு வண்டி விட்டால் தேவலை.

குறை இல்லாமல் இல்லை. வளைவில் வண்டி கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிற மாதிரி தெரியும். விற்கும்போது 'அலாய் எங்கே?' என்று கேட்பார்கள். நாலு டயரும் புதிதாக வாங்க வேண்டும். என் டயர்கள் பாதிகூடத் தேயவில்லை, அதனால் இப்போதைக்கு அது இல்லை.

கடைசியில் செய்தது இவ்வளவுதான். விரிசல் விட்டதற்குப் பதில் ஒரு ஒரிஜினல் வாங்கி முன்னால் மாட்டினேன். பெண்டு எடுத்த ரிம்மைப் பின்னால் போட்டேன். டயர் மாட்டியதும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா பார்த்தோம், வரவில்லை. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் ஒரு தடவை இறுக்கினேன், ஒன்று கால் சுற்று வாங்கியது. பழைய ரிம்மை எடைக்குப் போடும் முன்னால், யாரும் எடுத்துப் பெயிண்ட் அடித்துவிடக் கூடாது என்று விளிம்பில் ஹேக்ஸா வைத்து அறுத்துவிட்டேன். பழைய இரும்புக் கடைக்காரர் தராசில் வைத்துவிட்டு, "நல்லாத்தானண்ணே இருக்கு, ஏன் அறுத்தீங்க?" என்று கேட்டார்.