ஆசிரியரின் இறுதி நிகழ்வை நேரலையில் காட்ட: ஜூம், மீட், வாட்ஸ்அப், யூடியூப் எது தாங்கும்?

ஆசிரியர் இறந்த செய்தி காலையில் வரும், மறுநாளே இறுதிச் சடங்கு இருக்கும். திசைக்கொருவராகப் போய்விட்ட பழைய மாணவர்களில் பாதிப்பேருக்கு நேரலைதான் ஒரே வழி. கைக்கெட்டும் நான்கு சேவைகளையும் ஒரே கேள்வியோடுதான் எடைபோட வேண்டும்: அங்கே பேசுவது இங்கே தெளிவாகக் காதில் விழுமா? படம் மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். அவரிடம் படித்தவர்கள் கேட்க வருவது அவரைப் பற்றிய பேச்சைத்தான்.

வாட்ஸ்அப் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் வீடியோ அழைப்பில் 32 பேர்தான் சேரலாம். ஒரு வகுப்புக்கே காணாது. உடல்நலமில்லாத ஓரிரு நண்பர்களுக்குக் காட்டப் போதும், அவ்வளவுதான்.

யூடியூபில் பொதுவாக ஆள் கணக்கு இல்லை. 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலை தானாகவே பதிவாகிவிடும் என்பதால் வேறு நேர மண்டலத்தில் இருப்பவர்கள் பிறகு பார்க்கலாம். சிக்கல் வேறிடத்தில். ஒரு சேனலில் முதன்முறை நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும்; போனிலிருந்து ஒளிபரப்ப 50 சந்தாதாரர்கள் வேண்டும். செய்தி கேட்ட பிறகு தொடங்கினால் நேரம் போதாது. ஏற்கெனவே நேரலை செய்துவரும் நண்பரின் சேனல் கிடைத்தால் 'அன்லிஸ்டட்' (தேடலில் வராது, சுட்டி உள்ளவர்களே பார்க்கலாம்) என்று வைத்து, சுட்டியை மட்டும் அனுப்புங்கள். பின்னால் திரைப்பாடல் ஒலித்தால் காப்புரிமைக் காரணத்தால் ஒளிபரப்பு நின்றுபோகக்கூடும். தொலைவில் இருப்பவர் பேசவும் வழியில்லை.

மீதி இரண்டு, ஜூமும் கூகுள் மீட்டும். இலவசக் கணக்கில் இரண்டிலும் 100 பேர் சேரலாம்; ஜூம் 40 நிமிடத்தில் துண்டிக்கும், மீட் 60 நிமிடத்தில். நிகழ்வு சொன்ன நேரத்துக்குத் தொடங்குவது அரிது, பேச்சு தொடங்கும் வேளையில் அழைப்பு அறுந்துவிடும். நடத்துபவர் ஒருவர் மட்டும் ஒரு மாதத்துக்குக் கட்டணக் கணக்கு எடுத்தால் போதும், பார்ப்பவர்களுக்குச் செலவில்லை. அப்படி எடுப்பதானால் எங்கள் தேர்வு ஜூம். காரணம் ஒலி.

ஜூம் போன்ற அழைப்புச் செயலிகள் பொதுவாக இரைச்சலை வடிகட்டும். தழுதழுத்துப் பேசுபவரின் குரல் தாழும்போது அதையும் இரைச்சலோடு சேர்த்து நறுக்கிவிடும். வாக்கியத்தின் முதல் பாதி வரும், குரல் உடையும் இடம் வராது. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பை இயக்கினால் இது நிற்கும். அதற்கு முன் மைக்கைப் பேசுபவர் அருகே கொண்டுபோக வேண்டும். போனின் மைக் பத்தடி தள்ளி இருந்தால் எந்த அமைப்பும் உதவாது. சட்டையில் மாட்டும் வயர்லெஸ் மைக்கைப் பேச்சாளர் முன்னால் இருக்கும் பேச்சு மேசையிலேயே கட்டிவிடுங்கள், ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டு போன்கள் தேவை. ஒன்று ஒளிபரப்ப, மற்றொன்று அதற்கு ஹாட்ஸ்பாட் தர. ஒளிபரப்பும் போனை விமானப் பயன்முறையில் போட்டு வைஃபையை மட்டும் இயக்குங்கள். இல்லையென்றால் இரங்கல் சொல்ல வரும் ஓர் அழைப்பே ஒலியை நிறுத்திவிடும். யூடியூபில் 720பி தரத்துக்கு 4 மெகாபிட் வேகம் வைத்தால் மணிக்கு 1.8 ஜிபி போகும். டேட்டா மீதியை முன்னாலேயே பாருங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றைச் செருகியே வையுங்கள். நேர் வெயிலில் போன் சூடேறி அணைந்துபோகும், நிழலில் நிறுத்துங்கள்.

குடும்பத்தாரிடம் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. முக்காலியைப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் வைத்து அசையாமல் விடுங்கள். அழுகிற முகங்களை நெருங்கிக் காட்டுவது தவறு, துணைவியாரோ பிள்ளைகளோ அதற்கு இசைந்திருக்க மாட்டார்கள். உள்ளே நுழைவோரின் மைக் தானாக அணையும்படி முதலிலேயே அமைத்துவிடுங்கள். ஒருவர் வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் போதும், அங்கே ஒலிபெருக்கியில் கேட்டுவிடும்.

வருபவர்கள் பெயரோடு படித்து முடித்த ஆண்டையும் சேர்த்து அரட்டைப் பெட்டியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கூட்டத்தை மூடுவதற்கு முன் அதைச் சேமிக்க வேண்டும், மூடிய பிறகு பெரும்பாலும் கிடைக்காது. தாளில் அச்சிட்டு அந்த வாரமே குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுங்கள்.