உரிமமின்றித் துப்பாக்கி சுமக்கும் உரிமையா, மாநிலம் முழுவதற்கும் ஒரே சட்டமா? வர்ஜீனியாவில் எங்கள் முதல் கோரிக்கை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் துப்பாக்கி உரிமைக்காக உழைக்கும் எங்கள் கவுண்டிக் குழுவில் முனைப்பாகப் பணியாற்றுவோர் பதினொரு பேர்தாம். மாநிலச் சட்டமன்றமோ இரட்டை எண் ஆண்டுகளில் 60 நாட்களும், ஒற்றை எண் ஆண்டுகளில் அதைவிடக் குறைந்த நாட்களுமே கூடுகிறது. அந்தச் சில வாரங்களில் சட்டமன்ற உறுப்பினர்களிடம் எதை முதலில் கேட்பது என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்துகள் இருந்தன. கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமமே தேவையில்லை என்ற சட்டத்தைக் கேட்கலாம் என்றனர் சிலர். 2020 ஜூலை 1 முதல் பூங்காக்கள், அரசுக் கட்டடங்கள் போன்றவற்றில் துப்பாக்கியைத் தடைசெய்ய உள்ளாட்சிகளுக்குத் தரப்பட்ட அதிகாரத்தைத் திரும்பப் பெறச் செய்து, மாநிலம் முழுவதற்கும் ஒரே சட்டம் என்ற பழைய நிலையை மீட்போம் என்றனர் மற்றவர்கள். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம்; அதுவே சரி என்று இன்றும் கருதுகிறேன்.

முதல் கோரிக்கையின் கவர்ச்சியை மறுக்க முடியாது. வெர்மான்ட் ஒருபோதும் உரிமம் கேட்டதில்லை. அலாஸ்கா 2003இலும் அரிசோனா 2010இலும் அந்த வழிக்கு வந்தன. 2024க்குள் எண்ணிக்கை 29 மாநிலங்களாக உயர்ந்தது. இதைச் சொன்னால் கூட்டம் சேருகிறது. ஆனால் வர்ஜீனியாவில் கைத்துப்பாக்கியை வெளிப்படையாக இடுப்பில் அணிய ஏற்கெனவே உரிமம் தேவையில்லை. மறைத்து எடுத்துச் செல்வதற்கான விண்ணப்பத்தின் மீது சர்க்கியூட் நீதிமன்றம் 45 நாட்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். கட்டணம் 50 டாலருக்கு மேல் போகாது. உரிமம் 5 ஆண்டுகள் செல்லும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி: வென்ற பிறகும், வெல்லும் வரையிலும், இதைக் காத்துக்கொண்டிருக்க எத்தனை பேர் வேண்டும்? இங்கே எந்தச் சட்டமும் நிரந்தரமல்ல. மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி மட்டுமே வாங்கலாம் என்ற கட்டுப்பாடு 1993இல் வந்தது, 2012இல் நீங்கியது, 2020இல் மீண்டும் வந்தது. மாநில அளவிலான சட்டத்துக்குக் காவல் என்றால் தலைநகர் ரிச்மண்டில் உள்ள ஒரே சட்டமன்றத்தைக் கவனித்தால் போதும். உள்ளாட்சித் தடைகளுக்கோ 95 கவுண்டிகளையும் 38 தனி நகரங்களையும் ஆண்டு முழுவதும் கவனிக்க வேண்டும். அலெக்சாண்ட்ரியாவும் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியும் 2020ஆம் ஆண்டிலேயே தடை விதித்துவிட்டன. எங்கள் பக்கத்து நகரத்தில் ஒரு செவ்வாய் மாலைக் கூட்டத்துக்காக நான்கு பேர் விடுப்பு எடுத்துச் சென்றோம். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று மொத்தம் பன்னிரண்டு நிமிடம் பேசினோம். அன்றிரவே தடைத் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த மாதம் வேறோர் ஊரின் நிகழ்ச்சி நிரலில் அதே வரைவைக் கண்டோம்.

எங்கள் ஓடைக்கரை நடைபாதை ஒரு சிறு மரப்பாலத்தைத் தாண்டியதும் அந்த நகரத்தின் பூங்காவுக்குள் நுழைகிறது. பாலத்தின் மறுமுனைக் கம்பத்தில் தடை அறிவிப்பு தொங்குகிறது. விடியற்காலையில் தனியாக நடக்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர், முறையான உரிமம் வைத்திருந்தும், அந்தக் கம்பத்தோடு திரும்பிவிடுகிறார். நாளையே உரிமம் தேவையில்லை என்று சட்டம் வந்தாலும் அந்தக் கம்பம் அங்கேயேதான் நிற்கும். அவர் அப்போதும் திரும்பத்தான் வேண்டும். டில்லன் விதியைப் பின்பற்றும் வர்ஜீனியாவில், சட்டமன்றம் கொடுத்த அதிகாரம் மட்டுமே உள்ளாட்சிகளுக்கு உண்டு என்பதால், அதைச் சட்டமன்றம் திரும்பப் பெற்றால் எல்லா ஊர்களின் தடைகளும் ஒருசேர அடிப்படை இழந்துவிடும். துப்பாக்கி உரிமையில் ஆர்வமற்ற சட்டமன்ற உறுப்பினரிடமும், ஊருக்கு ஊர் மாறும் குற்றவியல் விதி சாதாரண மனிதரைச் சிக்கவைக்கிறது என்று பேச முடிகிறது.

2019 இறுதியில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் நிறைவேற்றிய ‘இரண்டாம் திருத்தச் சரணாலய’த் தீர்மானங்கள், அதாவது அரசியலமைப்பின் துப்பாக்கி உரிமைக்கு முரணான சட்டங்களை எதிர்ப்போம் என்ற அறிவிப்புகள், மனத்துக்கு ஊக்கம் தந்தன. அவற்றுக்குச் சட்ட வலு இல்லை என்று அப்போதைய அரசுத் தலைமை வழக்கறிஞர் கருத்துரைத்துவிட்டதால், அந்த வழியை நாங்கள் நெடுநேரம் எடைபோடவில்லை.

இது புறநகர்க் குழு ஒன்றின் மூன்று கூட்டத்தொடர் அனுபவம் மட்டுமே. நாட்கூலிக்கு உழைப்பவருக்கு 50 டாலரும், 2021 முதல் நேரில் சென்றே பெற வேண்டிய பயிற்சியும் பெரிய தடைகளாக இருக்கக்கூடும்; அத்தகையோரிடையே நான் அதிகம் பணியாற்றியதில்லை. டெக்சாஸில் உள்ளாட்சிகளைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டம் முன்பே இருந்தது. அங்குள்ளோர் உரிமமின்றிச் சுமக்கும் உரிமைக்கு முதலிடம் தந்து 2021இல் வென்றதும் இயல்பே.

இந்த முறை சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரே ஒரு தாளைக் கொண்டுசெல்கிறோம். அதில் அந்த நடைபாதையின் வரைபடமும், பாலத்தருகே ஒரு சிவப்புப் புள்ளியும் இருக்கின்றன.