மானியக் கடன் திட்டங்கள்: எதில் எவ்வளவு, எங்கே இடறும்

தொழில் தொடங்க மாவட்டத் தொழில் மையத்துக்கு வருபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தத் திட்டத்தில் சார் மானியம் ஜாஸ்தி?" என்றுதான். சதவீதம் விளம்பரத்திலேயே இருக்கிறது. அந்தப் பணம் எப்போது வரும், யார் கணக்கில் உட்காரும், எதைச் செய்தால் திரும்பப் போய்விடும் என்பதில்தான் திட்டத்துக்குத் திட்டம் வித்தியாசம். அந்தக் கண்ணோடு பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்), யுஒய்இஜிபி, நீட்ஸ் (இரண்டும் தமிழ்நாடு அரசின் திட்டங்கள்), முத்ரா (சிறு தொழில் கடன்), ஸ்டார்ட்அப் விதை நிதிகள் (புது நிறுவனங்களுக்கான ஆரம்பப் பணம்) ஆகியவற்றை இங்கே எடை போடலாம்.

முதலில் ஒரு தெளிவு. பிஎம்இஜிபி, யுஒய்இஜிபி, நீட்ஸ் மூன்றிலும் அரசு கொடுப்பது மானியம் மட்டும். கடன் கொடுப்பது வங்கி. தொழில் மையம் விண்ணப்பத்தைச் சரிபார்த்து வங்கிக்கு அனுப்பும். அதற்குமேல் முடிவு கிளை மேலாளருடையது. "கலெக்டர் ஆபீஸில் ஓகே ஆகிவிட்டது" என்று அட்வான்ஸ் கொடுத்து மெஷின் புக் பண்ணியவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பிஎம்இஜிபி, 2008 முதல் நடக்கும் மத்திய அரசுத் திட்டம். காதி கிராமத் தொழில் ஆணையம்தான் தலைமை. விண்ணப்பம் முழுக்க ஆன்லைன், கட்டணம் கிடையாது. உற்பத்தித் தொழிலுக்கு ரூ.50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு ரூ.20 லட்சம் வரை திட்ட மதிப்பு காட்டலாம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15%, கிராமத்தில் 25% மானியம். சொந்தப் பங்கு 10%. பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர், திருநங்கையர் ஆகிய சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25%, கிராமத்தில் 35%. சொந்தப் பங்கு 5% போதும். பிசி, எம்பிசி சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சலுகை கேட்பவர்கள் மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வயது 18 முடிந்திருந்தால் சரி, மேல் வரம்பு இல்லை. உற்பத்தியில் ரூ.10 லட்சத்துக்கு மேல், சேவையில் ரூ.5 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். புதிய தொழிலுக்கு மட்டும்தான். கணவன் மனைவி சேர்த்து ஒருவருக்குத்தான். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. ஷெட் வாடகையைச் சேர்க்கலாம், அதுவும் மூன்று வருடத்துக்குமேல் இல்லை.

கிராமம், நகரம் என்ற அந்த ஒரு வரி லட்சக்கணக்கில் பேசும். நகராட்சி எல்லைக்குள் இருக்கும் ஷெட்டை விட்டு, ஒரு கிலோமீட்டர் தள்ளி ஊராட்சிக்குள் இடம் பிடித்தால் ரூ.10 லட்சம் திட்டத்தில் ரூ.1 லட்சம் கூடுதல் மானியம். வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும், பிறகு மாற்றுவது பெரும் தலைவலி.

இப்போது கணக்கு. ஒரு பெண் ஊராட்சிப் பகுதியில் ரூ.10 லட்சத்தில் உற்பத்தித் தொழில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பங்கு ரூ.50,000. வங்கி கொடுப்பது ரூ.9.5 லட்சம். மானியம் ரூ.3.5 லட்சம் கைக்கு வராது. அவர் பெயரில் வங்கியிலேயே மூன்று வருட டெர்ம் டெபாசிட்டாக உட்காரும். அதற்கு வட்டி கிடையாது. பதிலுக்கு, கடனில் அதே ரூ.3.5 லட்சத்துக்கு வங்கி வட்டி போடக் கூடாது. ஆக வட்டி ஓட வேண்டியது ரூ.6 லட்சத்துக்கு மட்டும். 11% வட்டி, ஐந்து வருடம் என்றால் ரூ.6 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் ரூ.13,050. ரூ.9.5 லட்சத்துக்குப் போட்டால் சுமார் ரூ.20,650. மானியம் வந்த பிறகும் சிஸ்டத்தில் பழைய தவணையே ஓடிக்கொண்டிருப்பது நடக்கிற தப்பு. மானியம் வரவு வைத்த மாதத்திலேயே கடன் கணக்கு ஸ்டேட்மென்ட் வாங்கி, எந்தத் தொகைக்கு வட்டி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "பார்க்கிறோம்" என்பதோடு நிற்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு நிபந்தனை, நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவையான பணம் பற்றியது. திட்டத்தில் அதற்கென்று கேஷ் கிரெடிட் (ஒரு வரம்புக்குள் எடுத்து எடுத்துக் கட்டும் கடன்) வாங்கியிருந்தால், அந்த மூன்று வருடத்துக்குள் ஒருமுறையாவது வரம்பு முழுவதையும் தொட்டிருக்க வேண்டும். சராசரிப் பயன்பாடு 75%க்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த அளவுக்கு மானியம் திரும்பப் போகும். "மானியம் கூடும்" என்று யாரோ சொல்ல, தேவைக்குமேல் நடைமுறை மூலதனத்தை ஊதிக் காட்டியவர்கள் பின்னால் வருத்தப்படுவது இதனால்தான். தொழில்முனைவோர் பயிற்சியை முடிக்காமல் விட்டாலும் மானியம் நின்றுபோகும். திட்டம் ரூ.5 லட்சத்துக்கு மேல் என்றால் பத்து நாள் பயிற்சி. ஆன்லைனிலும் முடிக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

மாநிலத் திட்டங்களில் யுஒய்இஜிபி, அதாவது வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டம், சின்னக் கடை போடுபவருக்கு நேர் வழி. உற்பத்திக்கு ரூ.15 லட்சம், சேவைக்கும் வியாபாரத்துக்கும் ரூ.5 லட்சம் வரை. மானியம் 25%, உச்சம் ரூ.3.75 லட்சம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.5 லட்சத்துக்குள், பொதுப் பிரிவில் 45 வயது வரை, சிறப்புப் பிரிவில் 55 வரை. மளிகை, ஜவுளி, செல்போன் உதிரிபாகம் போன்ற வாங்கி விற்கும் தொழிலுக்கு பிஎம்இஜிபியில் மல்லுக்கட்டுவதைவிட இது எளிது. உற்பத்தியும் கிராமமும் சிறப்புப் பிரிவும் சேர்ந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பிஎம்இஜிபிக்குப் போகலாம், 35%ஐ இது தொடாது.

புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் வேறு ரகம். 2012-13இல் வந்தது. ரூ.10 லட்சம் முதல் ரூ.5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25% மானியம், உச்சம் ரூ.75 லட்சம், அதோடு 3% வட்டிச் சலுகை. வங்கிகளோடு தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகமும் இதில் கடன் தருகிறது. சிஎன்சி, பேக்கேஜிங், ஊசி வார்ப்பு மாதிரி மெஷினுக்கே பெரும்பணம் போகும் தொழிலுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் ரூ.1 கோடிக்குமேல் போனால் சிஏ தயாரித்த முழு நிதிக் கணிப்பு, இடத்தின் பத்திரம், திட்ட அனுமதி என்று ஃபைல் தடிக்கும். ஆறேழு மாதம் இழுக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு இறங்க வேண்டும்.

எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோர் இவற்றையெல்லாம் பார்க்கும் முன் 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். 35% மானியம், உச்சம் ரூ.1.5 கோடி, 6% வட்டிச் சலுகை. மானியமே முன்பணமாகக் கணக்கிடப்படுவதால் சொந்தப் பங்கு தேவையில்லை. இப்போதைக்கு மாநிலத்தில் இருப்பவற்றிலேயே தாராளமானது இது. 35 வயது கடந்த கைவினைஞர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது: ரூ.3 லட்சம் வரை கடன், 25% மானியம், அதிகபட்சம் ரூ.50,000.

முத்ராவில் மானியமே இல்லை. இதைப் பத்துத் தடவை சொன்னாலும் நம்பாதவர்கள் உண்டு. ரூ.50,000 வரை சிசு, ரூ.5 லட்சம் வரை கிஷோர், ரூ.10 லட்சம் வரை தருண். தருணை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் ரூ.20 லட்சம் வரை தருண் பிளஸ். ஈடு கேட்கக் கூடாது என்பதுதான் இதன் பலம். முத்ரா என்ற நிறுவனம் நேரடியாக யாருக்கும் கடன் தருவதில்லை. வங்கிகளுக்குத்தான் மறுநிதி தருகிறது. ஆகவே "முத்ரா அப்ரூவல் லெட்டர்" என்று வாட்ஸ்அப்பில் வந்து பிராசசிங் கட்டணம் கேட்டால் அது சுத்த மோசடி. ஏற்கெனவே ஓடும் தொழிலுக்குச் சரக்கு வாங்க, மூன்று வருடம் பூட்டிவைக்கும் மானியத்தைவிட இது உபயோகம்.

ஈடு பற்றி: பிஎம்இஜிபியிலும் ரூ.10 லட்சம் வரை வங்கி சொத்து ஈடு கேட்கக் கூடாது. அதற்குமேல் சிஜிடிஎம்எஸ்இ (சிறு தொழில் கடன்களுக்கு உத்தரவாதம் தரும் அறக்கட்டளை) உத்தரவாதத்தின்கீழ் கொடுக்கலாம். அதன் வரம்பு 2025 ஏப்ரல் முதல் ரூ.10 கோடி. இது இலவசமில்லை, ஆண்டுதோறும் உத்தரவாதக் கட்டணம் உண்டு, பெரும்பாலும் கடன் வாங்கியவர் தலையில்தான் விழும். உத்தரவாதம் இருப்பதால் கடன் தள்ளுபடி ஆகிவிடும் என்று நினைப்பது தவறு. அது வங்கிக்கான காப்பு.

எந்தத் திட்டமானாலும் விண்ணப்பம் விழுவதும் எழுவதும் திட்ட அறிக்கையில். ஜெராக்ஸ் கடையில் ரூ.500க்குக் கிடைக்கும் அறிக்கையை மேலாளர் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். மரச்செக்கு எண்ணெயை எடுத்துக்கொள்வோம். இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்புக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் என்பது செக்கு ஓட்டுபவர் எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் 100 கிலோவுக்கு 40 லிட்டர். கூடவே 60 கிலோ அளவுக்குப் புண்ணாக்கு. அறிக்கையில் 55 லிட்டர் என்று போட்டு, புண்ணாக்கு வருமானத்தைக் காணவே காணோம் என்றால், எழுதியவருக்குச் செக்குத் தெரியாது என்று அர்த்தம். முதல் வருடத்திலேயே 90% உற்பத்தித் திறன் காட்டுவது இன்னொரு வழக்கமான சொதப்பல். 50-60%இல் தொடங்கி வருடத்துக்குக் கொஞ்சம் ஏற்றிக் காட்டினால்தான் நம்புவார்கள். பிறகு மும்முனை மின் இணைப்புக்கான டெபாசிட், உணவுப் பாதுகாப்பு உரிமம், பாட்டில், லேபிள். இந்தச் சில்லறைச் செலவுகள் விடுபட்டால் மெஷின் வந்து இறங்கிய பிறகு ஓட்டக் காசு இருக்காது. லாபம், தேய்மானம், வட்டி மூன்றையும் கூட்டி, வருடத்தில் அடைக்க வேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகுத்தால் 1.5 அளவுக்காவது வர வேண்டும். மேலாளர் கடைசிப் பக்கத்தில் தேடும் எண் அதுதான்.

கொட்டேஷன் ஜிஎஸ்டி எண்ணோடு, உங்கள் பெயருக்கு, மெஷினின் மாடலும் குதிரைத்திறனும் குறிப்பிட்டு இருக்க வேண்டும். வங்கி பணத்தை நேராக விற்பனையாளர் கணக்குக்குத்தான் அனுப்பும். "ரூ.6 லட்சம் மெஷினுக்கு ரூ.9 லட்சம் பில் போட்டு மீதியைத் திருப்பித் தருகிறேன்" என்று சொல்லும் டீலரிடமிருந்து ஓடிவிடுங்கள். நேரடி ஆய்வுக்கு வருபவர் மெஷினின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துப் பில்லோடு ஒப்பிடுவார். சிக்கினால் மானியமும் போய் வழக்கும் வரும்.

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை விண்ணப்பிக்கும் முன் நீங்களே எடுத்துப் பாருங்கள். மதிப்பெண் குறைவாக இருப்பதைவிட, "செட்டில்டு" (முழுப் பாக்கியையும் கட்டாமல் பேசி முடித்தது) என்று ஒரு பழைய கிரெடிட் கார்டு கணக்கு நிற்பதுதான் அதிகம் அடிக்கும். நிலுவையைக் கட்டி, பாக்கியில்லாச் சான்று வாங்கி, அது அறிக்கையில் மாறி வர ஒன்றிரண்டு மாதம் ஆகும். ஜாமீன் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் தெரியும். மச்சானுக்குப் போட்ட கையெழுத்து இங்கே வந்து நிற்கும்.

ஸ்டார்ட்அப்காரர்களுக்கு மேலே சொன்னவை பெரும்பாலும் ஒத்துவராது. விற்பனையே தொடங்காதவருக்கு மாதத் தவணை தூக்குக்கயிறு. அவர்களுக்கு இரண்டு வாசல். மத்திய அரசின் விதை நிதித் திட்டத்தில், முன்மாதிரி செய்ய ரூ.20 லட்சம் வரை மானியமாகவும், சந்தைக்குப் போக ரூ.50 லட்சம் வரை கடனாகவோ பங்காக மாறும் பத்திரமாகவோ கிடைக்கும். டிபிஐஐடி (மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை) அங்கீகாரம் வேண்டும், கம்பெனி பதிவாகி இரண்டு வருடத்துக்குள் இருக்க வேண்டும். பணம் நேராக வராது. இன்குபேட்டர் (புது நிறுவனங்களை வளர்த்துவிடும் மையம்) வழியாக, இலக்கு முடிய முடியத் தவணையாக வரும். ஒரே விண்ணப்பத்தில் மூன்று இன்குபேட்டர் வரை வரிசைப்படுத்தலாம். உங்கள் துறையில் ஏற்கெனவே முதலீடு செய்திருக்கும் இன்குபேட்டரை முதலில் போடுங்கள், ஊருக்குப் பக்கம் என்று பார்த்துப் போடாதீர்கள். தமிழ்நாட்டின் டான்சீட் நிதி ரூ.10 லட்சம், பசுமைத் தொழில்நுட்பம், ஊரகத் தாக்கம், பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் ரூ.15 லட்சம், பதிலுக்கு 3% பங்கு அரசுக்கு. தொகை சிறியதுதான், ஆனால் பின்னால் வரும் முதலீட்டாளரிடம் அரசு பங்குதாரர் என்று காட்டுவதற்கு ஒரு விலை உண்டு.

கடைசியாக, பிஎம்இஜிபி எடுத்தவர்கள் காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்: டெர்ம் டெபாசிட் போட்ட நாளிலிருந்து மூன்று வருடம் முடியும் நாள். தொழில் ஓடுகிறதா என்ற நேரடி ஆய்வு முடிந்தால்தான் மானியம் கடனில் கழியும். அது தானாக நடக்கும் என்று உட்கார்ந்திருந்தால், ஆய்வுக்கு வந்தவர் பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டு "இயங்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பெயர்ப்பலகை, மின் ரசீது, ஜிஎஸ்டி கணக்கு, வேலையாட்கள் பதிவேடு நான்கும் ஷெட்டிலேயே ஒரு ஃபைலில் இருக்கட்டும். அந்த மாதம் வெளியூர் போவதாக இருந்தால் சாவி யாரிடமாவது இருக்கட்டும்.