உவரிக் காற்றுக்கு 304-ஆ, 316-ஆ?

மூணு வருஷத்துக்கு முன்னால் கடலோர ஊரான உவரியில் வீட்டு மாடிக்கு எவர்சில்வர் கைப்பிடி போட்டேன். கடலைப் பார்த்த பக்கம் 316 ரக எவர்சில்வர், தெருப்பக்கம் 304 ரகம். பாதிக்குப் பாதி பிரித்ததற்குக் கஞ்சத்தனம்தான் காரணம். இப்போது அதுவே ஒப்பிட வசதியாகிவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான அண்ணாச்சி பளபளங்கு, எதுக்குக் கூடக் காசு?" என்றார் வெல்டர் தம்பி. காந்தம் வைத்தாலும் பிரித்தறிய முடியாதுதான். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு, நிக்கலும் சற்றுக் கூடுதல். உப்பு பட்டுக் குழி விழாமல் காப்பது அந்த மாலிப்டினம்.

316-க்கு எனக்குச் சொன்ன விலை கிலோவுக்கு 304-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மாலிப்டினத்தின் பெரும்பங்கு சிலி, பெரு போன்ற இடங்களின் செம்புச் சுரங்கங்களில் உபபொருளாகக் கிடைப்பது. செம்புத் தாதுவை அரைத்து நுரையில் மிதக்கவிடும்போது, பென்சில் முனை மாதிரி வழவழப்பான மாலிப்டினைட் என்ற மாலிப்டினத் தாதுவும் சேர்ந்து மேலே வரும். அதைப் பிறகு தனியே பிரிப்பார்கள். அங்கே தோண்டுவது செம்புக்காக. மாலிப்டினத்துக்குக் கிராக்கி வந்தது என்று அந்தச் சுரங்கங்களில் கூடுதலாகத் தோண்டுவதில்லை. அதனால் திடீரென்று விலை எகிறும். 2005-லும் 2023 தொடக்கத்திலும் அப்படித்தான் எகிறியது.

எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. காற்றுக்கு மறைவான தெருப்பக்கத்து 304-லேயே ஆறாம் மாதம் டீக்கறை மாதிரி பழுப்பு படர்ந்தது. எங்கள் பக்கம் மழை குறைவு. உப்பைக் கழுவிவிட வானத்தை நம்ப முடியாது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றித் துணியால் துடைக்க வேண்டும். ஒரு கோடையில் விட்டுவிட்டேன், விரலில் தட்டுப்படும் அளவுக்குக் குழிகள். அதிலும் கம்பியின் அடிப்பக்கம்தான் மோசம், மழை பெய்தாலும் அங்கே படாது. 316 பக்கத்தை வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் கழுவுகிறேன், இன்னும் முகம் தெரிகிறது.

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வெல்டு மட்டும் பழுப்பேறியது. கேட்டால், 316 வெல்டிங் கம்பி தீர்ந்துபோய் 308 கம்பியால் ஒட்டினாராம். அதில் மாலிப்டினம் கிடையாது.

மூணு வருஷத்துப் பழக்கத்தை வைத்துத்தான் சொல்கிறேன். பத்து வருஷம் கழித்து 316 எப்படி இருக்குமோ. கடலை விட்டுத் தள்ளி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் வீடென்றால் 304 தாராளம். அங்கே 316 போடுவது காசைத் தாமிரபரணியில் போடுவதுதான்.

வாங்கும்போது கடையில் மாலிப்டினம் சோதிக்கும் திரவத்தை ஒரு சொட்டு கம்பிமேல் விட்டு, பேட்டரியைத் தொடவைத்து நிறம் மாறுவதைக் காட்டச் சொல்லுங்கள். பில்லிலும் 316 என்று எழுதி வாங்குங்கள். எனக்குத் தந்த முதல் பில்லில் 'எஸ்.எஸ். பைப்' என்று மட்டும்தான் இருந்தது.