அம்மாவுக்கு ஒரு சிவாஜி படம்

மன்னார்குடியில் மூன்று வாரம் இருந்துவிட்டு நியூஜெர்சி திரும்பியாயிற்று. இந்தத் தடவை அம்மாவுக்குத் தினம் ஒரு படம் காட்டுவதென்று தீர்மானத்தோடுதான் போயிருந்தேன்.

இங்கே கட்டும் நெட்ஃபிளிக்ஸ் அங்கேயும் திறந்தது, பட்டியல் மட்டும் இந்தியாவுக்கு மாறிவிட்டது. அமேசான் பிரைமில் புதுப்படத்தை வாடகைக்கு எடுக்கப் போனால், அமெரிக்கக் கணக்கு உதவவில்லை. சரி, ஊர்க் கணக்கே தொடங்கலாம் என்றால் ஊர் நம்பர் கேட்டது. தம்பி நம்பரைக் கொடுத்தேன். அவன் கடையில் இருந்தான்.

"டேய், ஓடிபி வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே, பில் போட்டுக்கிட்டு இருக்கேன், இருங்க."

அவன் பில் போட்டு முடிப்பதற்குள் ஓடிபி காலாவதி. மூன்றாவது தடவைதான் உள்ளே போக முடிந்தது.

விலையைக் குறை சொல்ல முடியாது. பிரைம் மாதம் 299 ரூபாய், வருடத்துக்கு 1,499. நெட்ஃபிளிக்ஸ் 149 ரூபாய்க்கே கிடைக்கிறது, ஆனால் அது போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும். டிவியில் பார்க்க 199 கட்ட வேண்டும். போன் ரீசார்ஜோடு இலவசமாக வரும் ஓடிடியிலும் இந்தப் 'போனில் மட்டும்' சமாச்சாரம் ஒளிந்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.

வாடகைப் படத்துக்கு வருகிறேன். எடுத்த படத்தை 30 நாளுக்குள் தொடங்கலாம். தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். தாராளம் என்று நினைத்தேன். முதல் நாள் அம்மா இடைவேளையிலேயே தூங்கிவிட்டார். மறுநாள் சித்தி வீட்டார் வந்து இரவு வரை பேச்சு. மூன்றாம் நாள் டிவியைப் போட்டால், மறுபடி பணம் கட்டு என்கிறது! எண்பதுகளில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்த காலத்தில் ஒரே ராத்திரியில் மூன்று கேசட் பார்த்த தெரு இது. அப்போது யாரும் தூங்கவில்லை.

தியேட்டரில் வந்து நான்கு வாரம் பொறுத்தால் பல புதுப்படங்கள் ஓடிடியில் மாதச் சந்தாவிலேயே வந்துவிடுகின்றன. அதனால் வாடகைக்கு எடுப்பதை அதோடு விட்டுவிட்டேன்.

அப்புறம் அம்மாவிடமே கேட்டேன், என்ன படம் வேண்டும் என்று. பழைய சிவாஜி படம் ஒன்றைச் சொன்னார். யூடியூபில் உரிமைக்காரர்களே முழுப் படத்தையும் போட்டிருந்தார்கள். காசும் இல்லை, ஓடிபியும் இல்லை. நடுநடுவே நகைக்கடை விளம்பரம் வந்தது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அம்மா எழுந்துபோய் அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துவிட்டு வந்தார்.